தேருக்கு ஒதுங்கிய தெரு

சைக்கிள் கடை அக்கா பதில்கள்

சென்ற மாதம் ஒரு பதிலின் நடுவே, "கும்பகோணம் மகாமகக் குளத்தின் நான்கு கரைகளையும் ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் கார், மோட்டார் சைக்கிள் இல்லாமல் விட்டுப் பார்க்கலாமே" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். சைக்கிளை முழுக்கப் பிரித்துத் துடைத்து மாட்டும் ஓவராயில் வேலையைச் செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியபோது இரண்டு கடிதம் வந்தது. இந்த ஒரு வரிக்கு ஒரு கட்டு வந்திருக்கிறது. திட்டியவர்களே அதிகம் என்பதால் அவர்களுக்கே முதலிடம்.

தெருவை மூடிவிட்டுச் சைக்கிள் விடுவதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்ப் பொழுதுபோக்கு. நம் ஊருக்கு இது ஒட்டுமா அக்கா?
ஒரு வாசகர், மயிலாடுதுறை

ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்தன்று காவிரித் துலாக் கட்டத்தின் படிவரை காரிலேயே போய் இறங்கியிருக்கிறீர்களா? முடியாது. எங்கோ தள்ளி நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் போயிருப்பீர்கள். அன்று உங்களுக்கு அது வெள்ளைக்காரர் பழக்கமாகத் தோன்றியிருக்காது.

என் நாத்தனாரைத் திருவாரூரில் கொடுத்திருக்கிறது. ஆழித்தேருக்கு நாங்கள் குடும்பத்தோடு போவது வழக்கம். தேர் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். அது வருகிற நாளில் நான்கு வீதிகளும் என்ன ஆகின்றன என்று நினைத்துப் பாருங்கள். குறுக்கே போகும் மின்கம்பிகளைக் கழற்றுகிறார்கள். கடைக்காரர்கள் வாசலில் நீட்டிய பந்தலைத் தாங்களே பிரிக்கிறார்கள். வண்டி ஒன்றுகூட நிற்காது. "என் காரை எங்கே விடுவது?" என்று ஒருவரும் மனுக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. வீதி திடீரென்று அகலமாகிவிடும். அவ்வளவு அகலமும் எப்போதும் அங்கேயே இருந்ததுதான்.

எனக்குத் தொழில் பிரேக் போடுவது என்பதால் தேரில் நான் பார்ப்பது சக்கரத்தைத்தான். திருச்சி பெல் நிறுவனத்தார் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. ஆனாலும் திருப்பத்தில் இன்றும் முட்டுக்கட்டைதான். கட்டை போடுகிறவர் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்தபடி நடப்பார். சரியான நொடியில் கட்டையைச் சக்கரத்தடியில் செருகிக் கையை இழுத்துக்கொள்வார். மரம் நெரிபடும் சத்தம் கேட்கும். அத்தனை பெரிய தேர் ஒரு முழம் திரும்பும். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்கிறோம். தேரில் அது வழிகாட்டும் வேலையையும் செய்கிறது. உங்கள் கடிதத்தை நான் அந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்கு ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்' என்று பெயர். தேரைத்தான் அந்தக் காலத்து ஆங்கிலம் 'கார்' என்றது. பெயரைப் பார்த்துவிட்டு இது தங்களுக்குப் பட்டா போட்ட தெரு என்று மாருதிக்காரர்கள் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வெளியூர் உதாரணம் வேண்டுமென்றாலும் வெள்ளைக்காரர் ஊருக்குப் போகவேண்டியதில்லை. தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974 இல் தொடங்கினார்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிள், நடை, ஓட்டம், சக்கரச் செருப்பு மட்டும்தான். அது பணக்கார ஊர் இல்லை. நம் நாட்டில் குருகிராமில் 2013 நவம்பரில் இதேபோல ஞாயிறு காலைகளில் ஆரம்பித்தார்கள். நான் கேட்டது குளத்தைச் சுற்றி மூன்று மணி நேரம்.

எனக்குப் பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை. வாசலில் கார் நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் புறவழிச்சாலைக் கடைக்குப் போய்விடுவார். நீங்களும் கடை வைத்திருப்பவர்தானே, இப்படி எழுதலாமா?
ஒரு வணிகர், கும்பகோணம்

அண்ணே, உங்கள் பயம் நியாயமானது. கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் அது தெரியும். ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் வாசலில் வந்து நிற்கும் முதல் மூன்று வண்டிகள் யாருடையவை என்று பாருங்கள். என் கடை வாசலில் நான் பார்த்தேன். ஒன்று பக்கத்துக் கடை முதலாளியுடையது. இன்னொன்று மாடியில் இருக்கும் அலுவலகத்துக்காரருடையது. காலையில் விட்டால் இரவுதான் எடுப்பார். மூன்றாவது என் மகனுடைய மோட்டார் சைக்கிள். வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று புலம்பிய நானே என் வாசலை அடைத்துவைத்திருந்தேன். இரண்டு மாதம் சண்டை போட்டு அதைப் பின்பக்கச் சந்துக்கு மாற்றினேன். அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும். அந்தக் காரில் வந்தவர் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். பத்துச் சைக்கிளில் வந்தவர் பத்துப் பேர். இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் வேண்டாம். காரில் வருபவர் அதிகம் வாங்குவார் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் நெரிசலில் கண்ணாடியைக்கூட இறக்காமல் உங்கள் கடையைக் கடந்துபோகும் நூறு கார்களால் உங்களுக்கு என்ன லாபம்? புகையும் ஹாரனும்தான். நடக்கிறவர்தான் நிற்பார், எட்டிப் பார்ப்பார், செம்பைத் தட்டிப் பார்ப்பார், விலை கேட்பார்.

ஸ்பெயினில் பொன்டெவேட்ரா என்றொரு ஊர். ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள், நம் கும்பகோணத்தைவிடச் சிறியது. 1999 முதல் ஊரின் நடுப்பகுதியில் கார்களைப் படிப்படியாக விலக்கினார்கள். சரக்கு இறக்க வழியுண்டு, அங்கே குடியிருப்பவர் போகவும் வழியுண்டு. ஊரைக் குறுக்கே கடந்து போவதற்கும், நிறுத்த இடம் தேடி வட்டமடிப்பதற்கும்தான் தடை. நானும் அவ்வளவுதான் சொல்கிறேன். லாரி விடியற்காலையில் வந்து இறக்கிவிட்டுப் போகட்டும். ஆம்புலன்ஸ் எந்நேரமும் வரட்டும். அடைசல் இல்லாத தெருவில் அது இன்னும் சீக்கிரம் வரும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. உங்கள் கடையில் இரண்டு ஆள் உயர நாச்சியார்கோயில் விளக்கு வாங்குகிறவரைப் பார்த்து, "சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்ல முடியாது. அதற்கு மூன்று சக்கர மிதிவண்டி இருக்கிறது. கடையிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒன்றை ஐந்தாறு கடைகள் சேர்ந்து வாங்கலாம். பராமரிப்புக்கு நான் கூலி வாங்கமாட்டேன் என்று இங்கே அச்சிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

2016 மாசியில் மகாமகம் பத்து நாள் நடந்தது. குளத்தைச் சுற்றி வண்டி கிடையாது. எங்கள் தெரு டீக்கடையில் மத்தியானத்துக்குள் பால் தீர்ந்துபோனதை நானே பார்த்தேன். "அது மகாமகம், ஞாயிற்றுக்கிழமை மகாமகமா?" என்பீர்கள். இல்லைதான். அதனால்தான் மூன்று மணி நேரம் என்றேன், அதுவும் நீங்கள் கடை திறப்பதற்கு முன்னால்.

மகள் பிளஸ் 1 படிக்கிறாள். பள்ளியில் விலையில்லா மிதிவண்டி கொடுத்தார்கள். நாலு கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் பிரதான சாலை. பயத்தில் சைக்கிளைத் திண்ணையில் பூட்டிவைத்துவிட்டு ஆட்டோவில் அனுப்புகிறேன். நான் செய்வது தப்பா?
ஒரு தாய், திருவாரூர் அருகே

தப்பே இல்லையம்மா. பயப்பட வேண்டிய சாலைக்குத்தான் பயப்படுகிறீர்கள்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். எந்தப் புதுச் சைக்கிளானாலும் ஒரு மாதம் ஓட்டினால் கம்பிகள் தளரும், சக்கரம் கோட்டம் காட்டும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டையின் இடைவெளியைப் பாருங்கள். ரிம் ஒரு பக்கம் உரசி, மறுபக்கம் விலகினால் அதுதான் கோட்டம். உங்கள் ஊர்க் கடையிலேயே எடுத்துத் தருவார்கள். பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் பிடி ஹேண்டில் பாரைத் தொடக்கூடாது. பின்மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கிறதா பாருங்கள். துப்பட்டாவை இடுப்பில் முடியச் சொல்லுங்கள். அது செயினில் சிக்கி விழுந்த பெண்களை எத்தனையோ முறை என் கடைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து, வழி. நம் டெல்டாவில் சாலைக்கு இணையாக எங்காவது ஒரு வாய்க்கால் கரை இருக்கும். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அதில் போகலாம். தனியாக வேண்டாம், நாலைந்து பெண்களாகப் போகட்டும். அறுவடைக் காலத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சாலையில் நெல்லும் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்பார்கள். கார் டயர் அதன்மேல் ஏறிப் போய்விடும், சைக்கிள் டயர் வழுக்கும். அங்கே பிரேக்கைத் தொடாமல் நேராக உருட்டிக்கொண்டு போகவேண்டும்.

இதெல்லாம் உங்கள் மகள் செய்ய வேண்டியது. பள்ளி வாசலில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் செய்ய வேண்டியதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும். 30 இல் வரும் கார் மோதினால் பிழைக்க வாய்ப்புள்ள பிள்ளை, 60 இல் வருவதற்குப் பிழைப்பது அரிது. ஆட்களும் வண்டிகளும் கலந்து போகும் இடத்தில் 30க்கு மேல் கூடாது என்று 2020 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடே அறிவித்திருக்கிறது.

இன்று உலகமே சைக்கிளுக்கு உதாரணம் காட்டும் நெதர்லாந்தில் 1971 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'குழந்தைக் கொலையை நிறுத்து'. விபத்து என்ற சொல்லையே அவர்கள் ஏற்கவில்லை. 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அரசாங்கமே ஞாயிறுகளில் கார் ஓட்டத் தடை போட்டது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள். பெற்றோரின் கோபமும் அந்த ஞாயிறுகளும் சேர்ந்துதான் இன்றைய சைக்கிள் பாதைகள் வந்தன.

திருவாரூர்க்காரரான உங்களிடம் சொல்லவேண்டியதில்லை. கோயிலுக்கு வெளியே கல்தேர் நிற்கிறதே, மனுநீதிச் சோழன் கதை. இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டது. பசு மணியடித்தது. "கன்று ஏன் வீதிக்கு வந்தது? பசு ஏன் பார்த்துக்கொள்ளவில்லை?" என்று அரசன் கேட்டதாகக் கதையில் இல்லை. இன்றைக்கு முதல் கேள்வியே அதுதான்: "பிள்ளையை ஏன் சைக்கிளில் அனுப்பினாய்?"

பாரிஸில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் வாசல் தெருக்களில் காரை விலக்கிவிட்டார்கள். நீங்கள் பெற்றோர் கூட்டத்தில் கேட்கவேண்டியது மிகச் சின்னது. பள்ளி திறக்கும்போது அரைமணி, விடும்போது அரைமணி, வாசல் தெருவின் இரு முனையிலும் ஒரு கயிறு, ஒரு ஆள். அது வரும்வரை ஆட்டோவில் அனுப்புங்கள், நான் குறை சொல்லமாட்டேன். சைக்கிளை மட்டும் பூட்டியே வைக்காதீர்கள், டயர் வெடிப்பு விட்டுவிடும். சாயங்காலம் தெருவில் ஓட்டட்டும்.

எனக்கு 47 வயது. குரங்குப் பெடல்கூடப் போட்டதில்லை. இனிமேல் கற்க முடியுமா? ஊர் சிரிக்காதா?
ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

சிரிக்கும். நான்கு நாள் சிரிக்கும்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். 1991 இல் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனோம். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்று இயக்கமே சொன்னது. கல்குவாரியில் வேலை செய்த அக்காக்கள், பேரன் எடுத்த பாட்டிகள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் வண்டியில்தான் கற்றோம். பிறகு அதுவே பிடித்துப்போனது. நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம், கேரியரில் தண்ணீர்க்குடத்தைக் கட்டலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு உங்களைவிட வயது அதிகம். கீழே விழுந்தால் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, "மண்ணு பூமாதேவிதானே" என்பார்.

வழி சுலபம். இரண்டு பெடலையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ், கடைக்காரருக்குத் தெரியும். இரண்டு பாதமும் தரையில் முழுதாக ஊன்றும்படி சீட்டை இறக்குங்கள். காலால் உந்தி உந்திப் போங்கள். கால் தரையில் படாமல் பத்தடி உருள முடிந்த அன்று பெடலை மாட்டலாம். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஆளே வேண்டாம். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, தெருக்கோடியில் இருக்கவேண்டும்.

பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
ஒரு வாசகர், மன்னார்குடி

மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லது. மழையில் நனைந்த பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள்.

நெதர்லாந்து, டென்மார்க் போல நாம் ஆகவே முடியாது என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
ஒரு வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது வேடிக்கைதான். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. பக்கத்தில் தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். சைக்கிளுக்குப் பெயர்போன இரண்டு நாட்டுக்காரர்களும் நம் கடற்கரைக்கு வந்து கோட்டை கட்டிக் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன, அவர்கள் வந்தபோது சைக்கிளைத்தான் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

நெதர்லாந்தும் நம்மைப் போல ஆற்றுக் கழிமுகம்தான். ரைன் நதி கடலில் சேரும் இடம். வாய்க்கால், மதகு, தட்டை நிலம். அங்கே எதிர்காற்று பிராணனை வாங்கும் என்பார்கள். நமக்கும் ஆடிக்காற்று இருக்கிறது. கல்லணையில் பிரித்துவிட்ட தண்ணீர் யாரும் தள்ளாமலே பூம்புகார் வரை போகிறது, அவ்வளவு மெல்லிய சரிவு. மேடு ஏறி மூச்சு வாங்க வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்தைத் தேடிப்போக வேண்டும். மலைநாட்டுக்காரர் சைக்கிள் வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

நம் ஊர் வெயிலில் சைக்கிளா? வெயிலில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.
ஒரு வாசகர், தஞ்சாவூர்

முப்பது வருடமாக வெயிலில் நின்றுதான் பஞ்சர் ஒட்டுகிறேன். சித்திரை மத்தியானத்தில் சைக்கிள் விடச் சொல்ல மாட்டேன், நானே விடுவதில்லை. ஆனால் வெயில் மட்டுமா காரணம்? சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை வெட்டியதும் காரணம். கார் வேகமாகப் போக நிழலை எடுத்துவிட்டு, நிழல் இல்லை, ஆகவே காரில் போங்கள் என்கிறார்கள்.

இதில் ஒரு நினைவு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் என் தங்கை வீடு. போன் இல்லை, கரண்ட் இல்லை, பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. சைக்கிளைப் பஸ்சின் மேலே போட்டுக்கொண்டு போயிருந்தேன். இறங்கி மிதித்தேன். சாலை நெடுகத் தென்னையும் புளியும் விழுந்து கிடந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கி மறுபக்கம் வைத்து, பிறகு நான் ஏறிக் குதிக்கவேண்டும். எத்தனை மரம் என்று எண்ண ஆரம்பித்து இருபத்தெட்டில் விட்டுவிட்டேன். கார்கள் எல்லாம் வீட்டு வாசலிலேயே நின்றன. தங்கை வீட்டு ஓடு போயிருந்தது. அவள் வெளியே அடுப்பு மூட்டி உலை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எப்படிக்கா வந்தாய்?" என்று கேட்கவில்லை. கேரியரைப் பார்த்தாள். மெழுகுவர்த்தி கொண்டுவந்திருக்கிறேனா என்று.

தினமும் காலையில் பின்சக்கரத்தில் காற்று இல்லை. இரண்டு கடையில் தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டுப் பஞ்சரே இல்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் பிடுங்கிவிடுகிறானோ என்று சந்தேகம்.
ஒரு வாசகர், பாபநாசம்

பையனை விட்டுவிடுங்கள். காற்று அடித்துவிட்டு வால்வின் வாயில் விரலால் எச்சில் தொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடையும். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் குழாய், வால்டியூப், இற்றுப்போயிருக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை எச்சில் தடவி ஏற்றினால் முடிந்தது. ஒரு அடி நீள வால்டியூப் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் இரண்டு வருடத்துக்குக் காணும். பாபநாசத்திலிருந்து என் கடைக்கு மிதித்து வருவதானால் காலை எட்டரைக்குத் திறப்பேன், செவ்வாய் விடுமுறை.